மூளைக்குள் மின்முனை: வாப்பாவின் சிந்தனையில் நாங்கள் கண்டவை



“மூளைக்குள் கம்பி வைத்தால் புத்தி மாறிப் போய்விடாதா?” வாப்பா அவர்களுக்கு ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை நடந்த நாள் முதல் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பள்ளிவாசல் ஹவுளருகே கேட்கிறார்கள். நிக்காஹ் வீட்டில் கேட்கிறார்கள். தம் வீட்டுப் பெரியவருக்கும் கை நடுங்குகிறது என்று தொலைபேசியில் அழைத்துக் கேட்பவர்களும் உண்டு. மாறவே மாறாது என்று நாங்கள் சொன்னால் அது முழு உண்மையாகாது. மாறிவிடும் என்று அச்சுறுத்தினாலோ, எழுந்து நடக்கக்கூடிய ஒருவர் படுக்கையிலேயே கிடப்பதற்கு நாங்கள் காரணமாவோம். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, அறிந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது.

எங்களில் மருத்துவர் எவருமில்லை. ஒருவர் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர், ராத்தா இல்லத்தைக் கவனிப்பவர், தம்பி வளைகுடாவில் கணக்கர். பதினோரு ஆண்டுகள் வாப்பாவின் பார்க்கின்சன் நோயோடும், பின்னர் இரண்டு ஆண்டுகள் அவர்களின் மார்புத் தோலுக்கடியில் இருக்கும் அந்தச் சிறு கருவியோடும் வாழ்ந்ததுதான் எங்கள் தகுதி. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறோம்.

இந்நோயைத் தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். அந்தப் பெயரே நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது. 1817இல் இதை முதன்முதலில் விரிவாக எழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்கூட, உடல்தான் நடுங்குகிறது, அறிவுக்குக் கேடில்லை என்றே கருதினார். பின்வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். அறுவைச் சிகிச்சையே செய்துகொள்ளாத நோயாளிகளிலும் சிந்தனை மந்தமாவதுண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது கடினமாகும். நெடுங்காலம் நோயோடு இருப்பவர்களில் பலருக்கு மறதிநோயும் வந்து சேரும். அறுவைக்குப் பின் தென்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் கருவியின் தலையில் போடுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும். தூண்டல் சிகிச்சை நோயின் அறிகுறிகளை அடக்குகிறது. நோயின் வளர்ச்சியை அது நிறுத்துவதில்லை.

சிகிச்சை பிறந்த கதை சுருக்கமானது. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில், நடுக்கமுள்ள ஒருவருக்கு அறுவை செய்துகொண்டிருந்த அலிம் லூயி பெனாபித் என்னும் அறுவை மருத்துவர், சரியான இடம் எதுவென்று சோதிக்க மின்னோட்டம் செலுத்தினார். துடிப்புகளின் வேகம் நொடிக்கு நூறை நெருங்கியபோது நடுக்கம் நின்றது. மூளையின் ஒரு பகுதியைச் சுட்டழிப்பதற்குப் பதிலாக, வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் முடிகிற மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. 1990இல் அமெரிக்காவில் மாலன் டிலாங்கும் அவருடைய குழுவினரும், பார்க்கின்சன் போன்ற நிலைக்கு உள்ளாக்கப்பட்ட குரங்குகளில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்னும் சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் அறிகுறிகள் விலகுவதைக் காட்டினார்கள். 1993இல் கிரெனோபிள் குழு அதே இடத்தில் நோயாளி ஒருவருக்கு மின்முனையை வைத்தது. இன்று பெரும்பாலும் நொடிக்கு 130 துடிப்புகள் என்ற அளவில் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது.

அந்தச் சப்தலாமிக் நியூக்ளியஸ் ஒரு பட்டாணியை விடவும் சிறியது. ஆனால் உடலசைவுக்கு மட்டுமே உரிய இடமன்று அது. ஒரே மடையிலிருந்து மூன்று வயல்களுக்கு நீர் பிரிவதை நம் ஊர்களில் கண்டிருப்போம். அதுபோல அசைவு, சிந்தனை, உணர்ச்சி ஆகிய மூன்றின் நரம்புப் பாதைகளும் அச்சிற்றிடத்தின் வெவ்வேறு ஓரங்களைத் தொட்டுச் செல்கின்றன. அசைவின் வயலுக்கென்று மடையைத் திருத்தினால், பக்கத்து வயல்களிலும் சிறிது நீர் ஏறும் அல்லது குறையும். புத்தி மாறுமா என்ற கேள்விக்கு வேர் இந்த அண்டை அயல் உறவில்தான் இருக்கிறது.

ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான மாற்றம் ஒன்று உண்டு. அது சொல்லெடுக்கும் வேகம். ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள், விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அறுவைக்கு முன் சொன்னதைவிடப் பின் குறைவாகச் சொல்கிறார்கள். 28 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 612 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2006இல் வெளியாயிற்று. சொல்லெடுப்பில் நடுத்தர அளவுக் குறைவும், திட்டமிடும் ஆற்றலிலும் சொற்களைக் கற்று நினைவிலிருத்துவதிலும் சிறிய குறைவும் அதில் தெரிந்தன. ஜெர்மனியில் 123 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவையும் மறுபிரிவுக்கு மருந்தும் அளித்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. அதிலும் அறுவைப் பிரிவினரின் சொல்லெடுப்பு இறங்கியது. ஆனால் அவர்களின் பதற்றம் தணிந்தது, வாழ்க்கைத் தரமும் ஒட்டுமொத்தத்தில் கெடவில்லை.

வாப்பாவுக்கும் அறுவைக்கு முன் இச்சோதனையை நடத்தினார்கள். ‘க’ என்ற எழுத்து. நாற்பதாண்டு மக்தபில் ஓதிக்கொடுத்தவர்களிடம் கேட்டால் என்ன வரும்? கலிமா, கஅபா, கப்ர், கஃபன், கஸ்ர், களா என்று கொட்டினார்கள். சோதித்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, இவையெல்லாம் சொற்கள்தாமா என்று எங்களைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொற்கள் என்று விளக்கிய பின் அனைத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அன்று பதினான்கு. ஆறு மாதம் கழித்து அதே எழுத்துக்கு ஒன்பது. (நம் குடும்பங்களிலிருந்து சோதனைக்குச் செல்பவர்கள், நம் புழக்கச் சொற்களை அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.)

ஒன்பது என்றதும் ராத்தா கலங்கிவிட்டார்கள். ஆனால் அதே மாலை வாப்பா மக்ரிபுக்குப் பின் யாஸீன் சூராவை மனனமாக ஓதினார்கள். ஓரிடத்திலும் தடை இல்லை. அறுவை மேசையில், தலை திறந்திருக்க, விழித்த நிலையில் இருந்தபோதும், பேச்சில் தடுமாற்றம் வருகிறதா என்று பார்க்க ஏதேனும் சொல்லச் சொன்னார்களாம். வாப்பா ஃபாத்திஹா ஓதியிருக்கிறார்கள். மனனமானதை ஓதும்போது ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லைக் கைபிடித்து அழைத்து வருகிறது. எழுத்தைக் கொடுத்துச் சொல் தேடச் சொன்னால் அழைத்துவர எவருமில்லை. தேட வேண்டும், ஒன்றை எடுக்க வேண்டும், சொன்னதை விலக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். மூளையின் முன்பகுதிக்கு உரிய வேலை அது. நினைவுக் களஞ்சியம் காலியாகவில்லை; களஞ்சியத்திற்குள் நடந்து திரிவதுதான் மெதுவாகியிருக்கிறது. இந்த வேறுபாடு விளங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் அழுகை நின்றது.

ஆயினும் அன்றாடப் பேச்சில் அதன் சுவடு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிடுவார்கள். “சொல் என்னிடம்தான் இருக்கிறது, வருகிற வழியில் நிற்கிறது” என்றார்கள் ஒருமுறை. விருந்தினர் எவரேனும் பரிவோடு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். நாங்கள் இப்போது காத்திருக்கப் பழகியிருக்கிறோம். அந்த மௌனம் கேட்பவருக்குத்தான் நீளம். பெரும்பாலும் ஐந்தாறு நொடிகளுக்குள் சொல் வந்துவிடுகிறது.

இதைக் கருவியின் அளவை மாற்றிச் சரிசெய்ய முடியாதா என்று தம்பி மருத்துவரிடம் கேட்டான். முழுமையாக முடியாது என்றார். அதன் காரணத்தை எல்லாக் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சப்தலாமிக் பகுதியில் மின்முனை வைக்கப்பட்டவர்களுக்கு மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் சொல்லெடுப்பின் குறைவு அப்படியே இருந்தது. அப்படியானால் அது மின்சாரத்தின் விளைவு அன்று. மின்முனை மூளையின் ஊடே இறங்கிச் சென்றதன் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இறங்கும் வழியில் காடேட் என்னும் பகுதியைத் துளைத்துச் சென்றால் சிந்தனைத் தேய்வுக்கான வாய்ப்புக் கூடுகிறது என்று 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே அறுவைக்கு முன், “மின்முனை எந்த வழியாக இறங்கும், காடேட்டைத் தவிர்த்துத் திட்டமிடுவீர்களா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. எங்களுக்கு வாய்த்த மருத்துவர் அக்கேள்வியால் மகிழ்ந்தே போனார். படத்தைத் திரையில் போட்டு வழியைக் காட்டினார்.

எந்த இடத்தில் வைப்பது என்பதிலும் தெரிவு உண்டு. குளோபஸ் பாலிடஸ் என்னும் பகுதியின் உட்புறத்திலும் மின்முனை வைக்கலாம். 299 நோயாளிகளைக் கொண்டு இரண்டையும் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், உடலசைவில் கிடைத்த நன்மை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. சப்தலாமிக் பிரிவினர் மருந்தை அதிகம் குறைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் கண்ணால் கண்டு கையால் செய்யும் வேலைகளின் வேகம் அவர்களிடம் சற்று அதிகமாகக் குறைந்தது, மனச்சோர்வின் போக்கும் மற்றப் பிரிவினருக்குச் சாதகமாகவே இருந்தது. சிந்தனையில் ஏற்கெனவே சிறு தளர்வு உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. மறதிநோய் தெளிவாகத் தொடங்கிவிட்டவர்களுக்கோ பொதுவாக இவ்வறுவையைப் பரிந்துரைப்பதே இல்லை.

சொல்லெடுப்பைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. மூன்றாம் மாதம். வாப்பாவின் பழைய நண்பரின் மகன் தொழிலுக்குக் கடன் வாங்குவதற்காக ஜாமீன் கேட்டு வந்தார். தேநீர் ஆறுவதற்குள் வாப்பா சரி என்று சொல்லிவிட்டார்கள். உம்மாதான் முதலில் திடுக்கிட்டது. “இஸ்திகாரா தொழாமல் ஓர் ஆட்டைக்கூட விற்காத மனிதர், என்ன நடக்கிறது?” என்று எங்களை அழைத்துக் கேட்டார்கள்.

இதற்கும் ஆய்வுலகில் விளக்கம் உண்டு. நிகரான இரண்டு தெரிவுகள் எதிரெதிரே நின்று இழுக்கும்போது, சற்றுப் பொறு, இன்னும் யோசி என்று கடிவாளம் பிடிக்கும் வேலையில் சப்தலாமிக் நியூக்ளியஸுக்குப் பங்கு உண்டு. 2007இல் மைக்கேல் ஃபிராங்கும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். தூண்டல் இயங்கும்போது, கடினமான தெரிவுகளில் நிதானிக்க வேண்டிய நோயாளிகள் நிதானிக்காமல் விரைந்து முடிவெடுத்தார்கள். மருந்தோ வேறு வழியில் வேலை செய்தது. கெட்ட விளைவிலிருந்து பாடம் கற்கும் திறனை அது மங்கச் செய்தது. டோபமைன் வகை மருந்துகளில் சிலவற்றால் சூதாட்டத்திலும் அளவற்ற செலவிலும் சிக்கியவர்கள் உண்டென்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. அறுவைக்குப் பின் மருந்து குறைவதால் அப்பழக்கங்கள் விலகிய நோயாளிகளும் இருக்கிறார்கள். ஆக, ஒரே கருவி ஒருவரிடம் அவசரத்தைக் கூட்டும், இன்னொருவரைப் பெருஞ்செலவிலிருந்து மீட்கும். எவருக்கு எது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்த வாரமே மருத்துவரிடம் சென்றோம். மின்முனையில் மின்சாரம் வெளிப்படும் புள்ளியை மாற்றினார். ஒரு மாத்திரையின் அளவையும் குறைத்தார். சில வாரங்களில் வாப்பாவின் பழைய நிதானம் பெரும்பாலும் திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். எந்த மாற்றம் வேலை செய்தது என்பதை எங்களால் சொல்ல இயலாது, இரண்டும் ஒரே நாளில் செய்யப்பட்டன. ஜாமீன் பத்திரத்தில் அதற்குள் கையெழுத்தாகவில்லை. பெரிய கொடுக்கல் வாங்கல் எதுவானாலும் ஒரு வாரம் தள்ளிப் போடுவது என்று வாப்பாவே வீட்டாரைக் கூட்டிச் சொன்னார்கள். அதை நாங்கள் விதித்திருந்தால் அவமானமாகியிருக்கும். அவர்களே சொன்னதால் ஒழுங்காயிற்று.

மருந்தை விரைந்து குறைத்தால் எதிர்த்திசையிலும் சறுக்கல் வரும். எதிலும் நாட்டமின்மை. கை கால் நன்றாக இயங்கும். எழுந்து செல்ல மனம் வராது. இதை வீட்டார் சோம்பலென்றோ மார்க்கத்தில் பற்றுக் குறைந்துவிட்டதென்றோ கருதிவிடுவதுண்டு. பேரப்பிள்ளைகள் வந்தாலும் திரும்பிப் பார்க்காத, ஜமாஅத்துக்கு அழைத்தாலும் அசையாத ஒருவரைக் கண்டிக்கும் முன், மருந்தின் அளவு எப்போது குறைக்கப்பட்டது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெதர்லாந்து மருத்துவர்கள் 2004இல் பதிவு செய்த ஒரு நோயாளியின் நிலை எங்கள் வீட்டில் நெடுநாள் பேசப்பட்டது. வயது 62. தூண்டலால் உடல் நன்றாக இயங்கியது. ஆனால் மனம் கட்டற்ற களிப்பில் ஏறி, பெருமிதம் தலைக்கேறி, கடன்களில் மூழ்கினார். மருந்தாலோ அளவு மாற்றத்தாலோ இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியவில்லை. கருவியை நிறுத்தினால் தெளிந்த அறிவோடு படுக்கையில் கிடப்பார். இயக்கினால் நடமாடுவார், ஆனால் மனநல மருத்துவமனையில்தான் வாழ வேண்டும். முடிவை எந்த நிலையில் இருக்கும் அவரிடம் கேட்பது? கருவியை நிறுத்தி, அறிவு தெளிந்த நிலையில் கேட்டார்கள். இயக்கியே வையுங்கள் என்றார் அவர்.

அக்ல் எனும் அறிவின் மீதே கடமைகளும் கொடுக்கல் வாங்கலும் நிற்கின்றன என்று பாடம் நடத்துகிற எங்களுக்கு இது ஏட்டுச் சிக்கலாகத் தோன்றவில்லை. வாப்பாவிடமே கேட்டோம். “அந்நிலை எனக்கு வந்தால் கருவியை அணைத்துவிடுங்கள். கை நடுங்கட்டும், அறிவு என்னோடு இருக்கட்டும்” என்றார்கள் தயங்காமல். அடுப்படியிலிருந்த உம்மா அதைக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். “சொல்வது எளிது. அணைத்த பிறகு இரவில் நான்கு முறை தூக்கிச் செல்வது யார்?” என்றார்கள். பதினோரு ஆண்டு தூக்கியவர்கள் அவர்கள். எவரும் மறுமொழி கூறவில்லை. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

உம்மாவின் கேள்வியைக் குடும்பங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாரிஸில் இவ்வறுவை செய்துகொண்ட 29 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உடல் நன்கு தேறியிருந்தும், இணையராக வாழ்ந்த 24 பேரில் 17 பேரின் இல்லறத்தில் பிணக்குகள் எழுந்தன. அறுவைக்கு முன் வேலையில் இருந்த 16 பேரில் 9 பேரே வேலைக்குத் திரும்பினார்கள். அறிவுச் சோதனைகளில் அவர்களிடம் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். பல ஆண்டுகள் ஊட்டியும் உடுத்தியும் வந்தவருக்கு ஒரே மாதத்தில் அந்த வேலை இல்லாமல் போகிறது. சார்ந்திருந்தவர் திடீரென்று தன் விருப்பப்படி நடக்கிறார். எங்கள் உம்மாவும் முதல் சில மாதங்கள் வெறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமே கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். மனைவியிடமும் நான்கு கேள்விகள் கேட்டால் நலம் என்பது ராத்தாவின் கருத்து; எங்களுக்கும் அதுவே.

இத்தனையும் கூறியபின், மீண்டும் ஒருமுறை முடிவெடுக்க வேண்டியிருந்தால் என்ன செய்வோம் என்று கேட்பவர்களுக்கு: செய்வோம். வாப்பா தாமே உளூ செய்கிறார்கள். சுஜூதிலிருந்து எவர் கையையும் பிடிக்காமல் எழுகிறார்கள். அதன் விலையாக நிமிடத்திற்கு ஐந்து சொற்கள் போயின. அந்தக் கணக்கை வாப்பாவே ஒப்புக்கொண்டார்கள். வேறொரு வீட்டுப் பெரியவர், பேச்சையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞராகவோ பேச்சாளராகவோ இருந்தால், ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். முன்கூட்டியே சோதனை செய்து எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்ததால்தான் எங்களால் இப்படிக் கணக்குச் சொல்லவாவது முடிகிறது.

அடுத்த சரிபார்ப்பு ரபீஉல் அவ்வல் மாதத்தில், இன்ஷா அல்லாஹ். மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றை வாப்பா ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறார்கள். எறும்பு ஊர்ந்ததுபோல் சுருங்கிப் போயிருந்த கையெழுத்து இப்போது படிக்கும்படி இருக்கிறது. மாலையில் வலது கால் இழுக்கிறது. தக்பீர் சொல்லும்போது குரல் எழும்பவில்லை. பெயர்கள் தாமதமாக வருகின்றன. அதன் கீழே உம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: “கோபம் குறைந்திருக்கிறது. அதை மாற்றிவிட வேண்டாம்.”